முதல் பங்கை வாங்குவதற்கு முன்னால் ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட்: வைத்திருப்பவரின் விமர்சனம்

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிற எவரும் முதலில் கேட்பது "எந்தப் பங்கை வாங்கலாம்?" என்றுதான். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் கம்பெனிப் பெயர் எதுவும் சொல்வதில்லை. நல்ல இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றை வாங்குங்கள், மாதாமாதம் போட்டுக்கொண்டே வாருங்கள் என்பேன். கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரியும், ஏதோ ரகசியம் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதனால் இதை ஒரு பொருளாகவே எடுத்துக்கொண்டு, புது ஃபோனை விமர்சிப்பது போல நல்லது கெட்டது எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் இதை விற்பவன் இல்லை, கமிஷன் வாங்குகிறவனும் இல்லை. என் நீண்ட காலச் சேமிப்பில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது, எனக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இண்டெக்ஸ் என்பது ஒரு சந்தையின் பெரிய கம்பெனிகளை ஏதோ ஒரு விதிப்படி வரிசைப்படுத்திய பட்டியல். எஸ் அண்ட் பி 500 என்றால் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் சுமார் 500, 1957 முதல் இந்த வடிவத்தில் இருக்கிறது. இண்டெக்ஸ் ஃபண்ட் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும், பட்டியலில் எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். பெரும்பாலான இண்டெக்ஸ்களில் அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது கம்பெனியின் சந்தை மதிப்பு, அதாவது அதன் எல்லாப் பங்குகளின் மொத்த விலை. நாம் போடும் சிறிய தொகையும் அப்படியே அத்தனை கம்பெனிகளுக்கும் பிரிந்து போய்விடும். எது ஏறும் எது இறங்கும் என்று யோசிப்பது ஃபண்ட் நடத்துபவரின் வேலையே இல்லை. பட்டியலைப் பிசகாமல் பின்பற்றுவதுதான் அவர் வேலை.

இதைக் கேட்டவுடன் வரும் நியாயமான சந்தேகம்: மட்டமான கம்பெனிகளையும் சேர்த்து எதற்கு வாங்க வேண்டும், நல்லதை மட்டும் வாங்கினால் என்ன? இதற்கு நான் எப்போதும் சொல்வது 2001 நவம்பர் மாதக் கடைசியில் நடந்த ஒரு மாற்றத்தைத்தான். எஸ் அண்ட் பி 500 பட்டியலில் இருந்து என்ரான் என்ற எரிசக்திக் கம்பெனி நீக்கப்பட்டது, அந்தக் காலி இடத்தில் சிப் வடிவமைக்கும் என்விடியா சேர்க்கப்பட்டது. என்ரான் சாதாரணக் கம்பெனி இல்லை. அதற்கு முந்தைய வருடம் வரை பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பெயர் அது, அங்கே வேலை செய்தவர்களே ஓய்வுக்காலப் பணத்தை எல்லாம் அந்த ஒரே பங்கில் போட்டு வைத்திருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கம்பெனி திவால் மனு கொடுத்தது, வேலையும் போனது சேமிப்பும் போனது. இண்டெக்ஸ் ஃபண்ட் வைத்திருந்தவருக்கும் நஷ்டம் இருந்தது, ஆனால் உச்சத்தில் இருந்தபோதுகூட அந்தப் பங்குக்கு இண்டெக்ஸில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடம்தான் என்பதால் அவருடைய கணக்கில் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. உள்ளே வந்த என்விடியாவையும் அவர் தேடிப் பிடிக்கவில்லை, அது தானாகவே அவர் கைக்கு வந்தது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: அந்த என்விடியா பங்கு 2002-ல் ஒரு முறையும் 2007-08-ல் ஒரு முறையும் உச்சத்தில் இருந்து 80 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அதை மட்டும் வாங்கி வைத்திருந்த எத்தனை பேருக்கு அந்த இரண்டு வீழ்ச்சியிலும் விற்காமல் உட்கார்ந்திருக்கும் நெஞ்சுரம் இருந்திருக்கும்? இண்டெக்ஸ் வைத்திருந்தவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, இருந்தும் பங்கு அவரிடமே இருந்தது.

இது ஏதோ ஒரு தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். ஹென்ட்ரிக் பெஸ்ஸெம்பைண்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1926 முதல் 2016 வரை அந்நாட்டுச் சந்தையில் இருந்த எல்லாப் பங்குகளையும் எடுத்து ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் அவற்றின் மொத்த ஆயுளில் ஒரு மாத அரசுப் பத்திரம் கொடுத்த அளவுக்குக்கூட வருவாய் கொடுக்கவில்லை. அந்த 90 வருடத்தில் அரசுப் பத்திரத்துக்கு மேலாகச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதையும் நூற்றுக்கு நான்கு கம்பெனிகளே கொண்டுவந்திருக்கின்றன, மீதி 96-ம் சேர்ந்து அரசுப் பத்திரத்தின் அளவுக்கு மட்டுமே கொடுத்திருக்கின்றன. முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தை நன்றாக ஏறியிருக்கிறது என்பதும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஒரு பங்கு பெரும்பாலும் மோசமாகவே முடியும் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அந்த நான்கு எவை என்று முன்கூட்டியே தெரியாதவருக்கு எல்லாவற்றையும் வாங்குவதுதான் அவற்றைத் தவறவிடாமல் இருக்க உள்ள ஒரே நிச்சயமான வழி. முதல் தடவை முதலீடு செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை விளம்பரங்கள் சொல்வதே இல்லை.

வரலாறும் கொஞ்சம் சுவாரசியமானது. சாதாரண மக்கள் வாங்கும்படியான முதல் இண்டெக்ஸ் ஃபண்டை 1976 ஆகஸ்டில் கொண்டுவந்தவர் வான்கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிள். 15 கோடி டாலர் திரட்டலாம் என்று திட்டம் போட்டார்கள், வந்து சேர்ந்ததோ 1.13 கோடி. பட்டியலில் இருக்கும் ஐந்நூறு பங்குகளையும் ஒழுங்காக வாங்கக்கூட அந்தப் பணம் போதவில்லை. சந்தையின் சராசரி வருவாய்க்கு யார் ஆசைப்படுவார்கள் என்று துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், "போகிளின் முட்டாள்தனம்" என்று பெயரே வைத்தார்கள். அதே ஃபண்ட் இன்றைக்கு வேறு பெயரில் உலகின் மிகப் பெரிய ஃபண்டுகளில் ஒன்று. அவர் 2019-ல் இறந்தபோது அவருடைய யோசனையைக் காப்பியடிக்காத ஃபண்ட் கம்பெனியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது விலைக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பொருளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஃபண்ட் எதுவானாலும் வருடாவருடம் நம் மொத்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும், இதைச் செலவு விகிதம் என்பார்கள். தனியாக பில் எதுவும் வராது, தினமும் துளித்துளியாக, ஃபண்டில் நம் பங்கை அளக்கும் யூனிட்டின் மதிப்பிலேயே கழிந்துவிடும், அதனால்தான் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 என்ற தொகை வருடத்துக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 30 வருடத்தில் சுமார் 761 ஆகும். ஃபண்ட் 0.1 சதவீதம் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 740. 1.5 சதவீதம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 498. அதாவது ஒன்றரை சதவீதம் என்று கேட்கும்போது சில்லறையாகத் தோன்றும் கட்டணம், கடைசியில் உங்களிடம் சேர்ந்திருக்க வேண்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொண்டுபோய்விடுகிறது. ரிஸ்க் முழுவதும் உங்களுடையது, பணம் முழுவதும் உங்களுடையது, 30 வருடம் காத்திருந்ததும் நீங்கள்தான். எனக்கு இந்த விஷயத்தில் நிஜமாகவே கோபம் வரும்.

ஒரு முறை வங்கிக் கிளை ஒன்றில் முதலீட்டு ஆலோசகர் என்னை உட்கார வைத்து ஒரு ஃபண்டைப் பற்றி நீளமாகப் பேசினார். மேலாளர் தேர்ந்தெடுத்து வாங்கும் ஃபண்ட், கடந்த மூன்று வருட வருவாய் பளபளவென்று அச்சடித்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது. செலவு விகிதம் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கு உடனே சொல்லத் தெரியவில்லை, கம்ப்யூட்டரில் தேடி எடுத்துச் சொன்னார், அதே சந்தையின் இண்டெக்ஸ் ஃபண்டைப் போலப் பல மடங்கு. இதைவிட அதில் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேட்டதற்கு "நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள் சார்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்குக் கொடுத்த வேலை அது. ஆனால் நிபுணர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. எஸ் அண்ட் பி நிறுவனம் 2002 முதல் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டு வருகிறது. அமெரிக்கப் பெரிய கம்பெனிகளில் முதலீடு செய்யும் ஃபண்டுகளில் 15 வருடம் போன்ற நீண்ட காலத்தைப் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது இண்டெக்ஸைவிடப் பின்தங்கியே இருக்கின்றன. மிச்சமிருக்கும் அந்த ஒன்று எது என்பது 15 வருடம் கழித்துத்தான் தெரியும். சின்னச் சந்தைகளிலும் சின்னக் கம்பெனிகளிலும் மேலாளர்களின் நிலைமை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கட்டணம் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது.

புகழ்பெற்ற அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டிய பந்தயத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், முதல் வருடம் என்ன ஆனது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 2008 தொடக்கம் முதல் 2017 முடிவு வரை பத்து வருடம், ஒரு பக்கம் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்ட், மறுபக்கம் புரோட்டெஜே பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் தேர்ந்தெடுத்த ஐந்து ஃபண்டுகள், அவை ஒவ்வொன்றும், பெரும் பணக்காரர்களுக்காக அதிகக் கட்டணத்தில் நடத்தப்படும் ஹெட்ஜ் ஃபண்டுகள் பலவற்றில் பணம் போடுபவை. முதல் வருடமே இண்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்தது. எதிரணியின் ஐந்துமே அதைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. அன்றைய தேதியில் பஃபெட் தோற்றுக்கொண்டிருந்தார். பத்து வருட முடிவில் இண்டெக்ஸ் ஃபண்டின் மொத்த லாபம் 125.8 சதவீதம், எதிரணியில் மிகச் சிறந்தது 87.7, மிக மோசமானது 2.8. கையில் உள்ள பணம் 37 சதவீதம் கரைந்த அந்த வருடத்தில் பயந்துபோய் விற்றவருக்கு மீதி ஒன்பது வருடம் எதுவும் கிடைத்திருக்காது. எனக்கு இந்தக் கதையில் ஜெயித்தது யார் என்பதைவிட அந்த முதல் வருடம்தான் முக்கியம்.

ஆகவே இதன் குறைகளைப் பேசும்போது முதலில் வீழ்ச்சியைத்தான் பேச வேண்டும். இண்டெக்ஸ் ஃபண்ட் உங்களை ஒரு கம்பெனியின் அழிவில் இருந்து காப்பாற்றும், சந்தையின் வீழ்ச்சியில் இருந்து ஒரு இம்மியும் காப்பாற்றாது. 2007 அக்டோபரில் இருந்து 2009 மார்ச்சுக்குள் எஸ் அண்ட் பி 500 சுமார் 57 சதவீதம் இறங்கியது, பழைய உச்சத்தைத் தொட 2013 ஆகிவிட்டது. 2020-ல் பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் இடையில் மட்டும் 34 சதவீதம், அது ஆகஸ்டிலேயே மீண்டுவிட்டது. எது சில மாதத்தில் மீளும், எது சில வருடம் எடுக்கும் என்று விழுந்துகொண்டிருக்கும்போது ஒருவருக்கும் தெரியாது. 50 சதவீதம் விழுந்த பணம் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கொடுமை, விழாமலும் ஏறாமலும் வருடக்கணக்கில் தேங்கி நிற்பது. 2000 தொடக்கத்தில் எஸ் அண்ட் பி 500-ல் போட்ட 100, கம்பெனிகள் லாபத்தில் இருந்து பங்குதாரர்களுக்குத் தரும் டிவிடெண்டை எல்லாம் திரும்பப் போட்டிருந்தாலும் 2009 முடிவில் சுமார் 91-தான். பத்து வருடம் ஒழுங்காகக் காத்திருந்தவருக்குக் கிடைத்தது நஷ்டம். ஜப்பானின் நிக்கெய் இண்டெக்ஸ் 1989-ன் கடைசி வர்த்தக நாளில் 38,915-ல் முடிந்தது, அந்த உச்சத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம்! டிவிடெண்டைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மேம்படும், உச்சத்தில் மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் போட்டு வந்தவரின் கதை இன்னும் நன்றாகவே இருக்கும், என்றாலும் "நீண்ட காலம் வைத்திருந்தால் நஷ்டமே வராது" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை அவரிடம் காட்டுங்கள். இதற்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒரே நாட்டின் இண்டெக்ஸில் எல்லாவற்றையும் போடக்கூடாது என்பது. பல நாடுகளைச் சேர்த்த உலக இண்டெக்ஸைப் பின்பற்றும் ஃபண்டுகளும் இருக்கின்றன, உங்களுக்கு வாங்க வசதி இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று குறைவதற்குக் காரணம் வீழ்ச்சி இல்லை, பங்கு என்றால் விழத்தான் செய்யும். என் குறை வேறு. இண்டெக்ஸ் என்ற பெயரில் இப்போது கண்டதையும் விற்கிறார்கள். ஒரே ஒரு துறைக்கு இண்டெக்ஸ், நேற்று வந்த ஒரு மோகத்துக்கு இண்டெக்ஸ், முப்பது பங்கு மட்டும் உள்ள இண்டெக்ஸ் என்று வரிசையாக வருகின்றன, அதுவும் அந்தத் துறை நன்றாக ஏறி முடித்த பிறகு. பெயரில் இண்டெக்ஸ் என்று இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்பிப் புதியவர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம், உண்மையான அகன்ற இண்டெக்ஸிலும் மதிப்பு ஏற ஏறப் பெரிய கம்பெனிகளின் விகிதம் கூடிக்கொண்டே போகும். 2024-ல் எஸ் அண்ட் பி 500-ன் முதல் பத்துக் கம்பெனிகள் மட்டும் மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை தொழில்நுட்பம் சார்ந்தவை. ஐந்நூறு கம்பெனி என்று நினைத்து வாங்குகிறோம், ஆட்டம் காட்டுவது அந்தப் பத்துதான். பட்டியல் சில சமயம் தாமதமாகவும் வாங்கும். டெஸ்லா 2020 டிசம்பரில்தான் உள்ளே வந்தது, அந்த ஒரே வருடத்தில் விலை பல மடங்கு ஏறி முடித்த பிறகு. இதெல்லாம் தெரிந்துதான் நான் வைத்திருக்கிறேன், நீங்களும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

வாங்கும் முன் ஃபண்டின் விவரங்களைச் சுருக்கமாகத் தரும் ஃபேக்ட் ஷீட்டைத் திறந்து படியுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். மேலே கண்ணில் அறைவது போல் இருக்கும் கடந்த கால வருவாய்ப் படத்தைத் தாண்டிக் கீழே போங்கள். எந்த இண்டெக்ஸைப் பின்பற்றுகிறது என்று ஒரு வரி இருக்கும், அதில் டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் மொத்த வருவாய் இண்டெக்ஸோடு ஒப்பிடுகிறார்களா என்று பாருங்கள், வெறும் விலை இண்டெக்ஸோடு ஒப்பிட்டு "நாங்கள் முந்திவிட்டோம்" என்று காட்டுவது ஏமாற்று வேலை. அடுத்து செலவு விகிதம். ஒரே இண்டெக்ஸைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகள் ஏறக்குறைய ஒரே பொருள்தான், அதில் விலை கூடியதை வாங்க வலுவான காரணம் வேண்டும். அதற்கப்புறம் இண்டெக்ஸின் வருவாய்க்கும் ஃபண்டின் வருவாய்க்கும் இடையே வருடாவருடம் எவ்வளவு இடைவெளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். செலவு விகிதம் குறைவாக இருந்தும் இந்த இடைவெளி பெரிதாக இருந்தால் நிர்வாகத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். டிவிடெண்டைக் கையில் கொடுக்கும் வகை, உள்ளேயே திரும்பப் போடும் வகை என்று இரண்டு இருந்தால், உங்கள் நாட்டு வரி விதி குறுக்கே வராதவரை தொடக்கக்காரருக்கு இரண்டாவதுதான் நல்லது. கைக்கு வந்த சின்னத் தொகையை மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கும் பொறுமை முக்கால்வாசிப் பேருக்கு இருக்காது.

சந்தையில் நேரடியாக வாங்கி விற்கும் ஃபண்டான இ.டி.எஃப். நல்லதா, சாதாரண ஃபண்ட் நல்லதா என்ற சண்டையில் நான் அதிகம் இறங்குவதில்லை. இ.டி.எஃப். பங்கு போலவே சந்தை நேரத்தில் விலை மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கும், வியாபாரம் குறைவாக நடக்கும் இ.டி.எஃப். என்றால் அந்த இடைவெளியே கட்டணத்தை விழுங்கிவிடும். சாதாரண ஃபண்டில் அன்றைய முடிவு மதிப்பில் யூனிட் கிடைக்கும், நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தானியங்கியாக மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் எளிது. புதியவருக்கு நான் சொல்வது இரண்டாவதை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதற்காகவே.

முதலீட்டுச் செயலிகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. நான் பயன்படுத்தும் செயலியைத் திறந்தால் முதலில் வருவது என் ஃபண்ட் இல்லை, "இன்று அதிகம் ஏறியவை" என்று ஒரு பச்சைப் பட்டியல், அதற்குக் கீழே "எல்லோரும் வாங்குபவை". மதியத்துக்குள் இரண்டு மூன்று அறிவிப்பு வந்துவிடும். ஒரு பங்கை வாங்க இரண்டு தட்டு போதும், மாதாந்திர முதலீட்டை அமைக்கும் பக்கமோ மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கிறது. நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால்தான் அவர்களுக்கு வருமானம், இண்டெக்ஸ் ஃபண்டை வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவரால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. கணக்குத் தொடங்கிய அன்றைக்கே அறிவிப்புகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். மாதாந்திரத் தொகை போகும் தேதியைச் சம்பளம் வந்த மறுநாளாக வைத்துவிட்டால் அந்தச் செயலியைத் திறக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

கையில் ஏற்கெனவே ஒரு பெரிய தொகை இருக்கிறது, மொத்தமாகப் போடலாமா பிரித்துப் போடலாமா என்றும் கேட்பார்கள். வான்கார்டு 2012-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று சந்தைகளின் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்ததில், மூன்றில் இரண்டு தடவை மொத்தமாகப் போட்டதே முந்தியிருக்கிறது. சந்தை இறங்கும் காலத்தைவிட ஏறும் காலம் அதிகம் என்பதால் வரும் முடிவு அது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் முதல் முறை போடுகிறவரிடம் பிரித்தே போடுங்கள் என்கிறேன். மொத்தத்தையும் போட்ட அடுத்த மாதம் 20 சதவீதம் விழுந்தால், கணக்கில் சரியாக இருந்த அந்த முடிவு அவரைச் சந்தையை விட்டே ஓட வைத்துவிடும். கொஞ்சம் லாபம் குறைந்தாலும் ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

யார் இதை வாங்கக் கூடாது என்று கேட்டால் என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கியோ வேறு அதிக வட்டிக் கடனோ வைத்திருப்பவர் முதலில் அதை அடைக்க வேண்டும், அந்த வட்டியை நிச்சயமாக முந்தித் தரும் ஃபண்ட் உலகத்தில் கிடையாது. திடீரென்று வேலை போனால் ஆறு மாதம் ஓட்டுவதற்கான பணம் தனியாக வங்கியில் இல்லாதவரும் இப்போதைக்கு வேண்டாம். சந்தை விழுவதும் வேலை போவதும் பல நேரம் சேர்ந்தேதான் வருகின்றன, அப்போது பாதி விலையில் விற்றுச் சாப்பிட வேண்டியதாகிவிடும். நாலைந்து வருடத்துக்குள் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ தேவைப்படும் பணத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள், மேலே சொன்ன 2000 முதல் 2009 வரையான கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சரி, இவை மூன்றும் இல்லை, பணம் குறைந்தது பத்துப் பதினைந்து வருடத்துக்குத் தேவைப்படாது என்றால் தாராளமாக வாங்கலாம், தொகை சின்னதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை.

தனிப் பங்குகளே வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம். கம்பெனிகளைப் பற்றிப் படிப்பது ஒரு நல்ல பழக்கம், ஆண்டறிக்கையைத் திறந்து லாபம் எங்கிருந்து வருகிறது, கடன் எவ்வளவு இருக்கிறது என்று தேடுவதில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் அதற்கு ஒதுக்காதீர்கள், அதையும் இண்டெக்ஸ் ஃபண்டில் ஒன்றிரண்டு வருடம் போட்டுப் பழகிய பிறகு செய்யுங்கள். அந்தப் பத்து சதவீதம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்க்காமல், அதே பணம் அதே தேதியில் இண்டெக்ஸ் ஃபண்டில் போயிருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்று பக்கத்திலேயே எழுதி வாருங்கள். சந்தையே 30 சதவீதம் ஏறிய வருடத்தில் உங்கள் பங்கு 18 சதவீதம் ஏறியிருந்தால் அது லாபமாகத்தான் கண்ணுக்குத் தெரியும், பக்கத்தில் இன்னொரு எண் இருந்தால்தான் பின்தங்கியது புரியும். சில வருடம் கழித்து அந்த இரண்டு எண்களில் எது பெரியதாக இருக்கிறதோ, அடுத்துப் போடும் பணத்தை அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்.